மலைத் தோட்டத்துக் கருவி ஷெட்: ஓதம், துரு, பூஞ்சணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், கொடைக்கானல், வால்பாறை பக்கம் வீட்டுத் தோட்டமோ சின்னத் தேயிலைத் தோட்டமோ வைத்திருப்பவர்கள் மண்வெட்டி, கத்தி, ஸ்பிரேயர், உர மூட்டை வைக்க ஒரு ஷெட் போட நினைக்கும்போது கேட்பவை இவை. கோவையிலும் மதுரையிலும் வருஷக்கணக்கில் அசையாமல் நிற்கும் அதே மாதிரி ஷெட் இங்கே சில மழைக்காலத்திலேயே பல்லை இளித்துவிடும். மேலிருந்து வரும் மழைக்கு எல்லோரும் தயாராக இருக்கிறார்கள். தரை வழியாக ஏறுவதையும் காற்றிலேயே வந்து படிவதையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கீழே கணக்குகள் எல்லாம் 8க்கு 10 அடி ஷெட்டுக்குப் போட்டவை.

1. வீட்டுக்குப் பின்னாடி வெட்டின மண்திட்டு ஓரமா இடம் சும்மா கிடக்கு. அங்கேயே போட்டுடலாமா?

கூடாது. வெட்டிய திட்டிலிருந்து மழைக்காலம் முழுக்கத் தண்ணீர் கசியும், ஷெட்டின் பின்சுவர் வெயிலே பார்க்காது, பெருமழையில் திட்டு சரிந்தால் முதலில் போவதும் ஷெட்தான். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அப்படி ஒரு நாளை மனதில் வைத்து இடம் பாருங்கள். திட்டு எவ்வளவு உயரமோ குறைந்தது அவ்வளவு தூரம் தள்ளி வருவது நல்லது.

வேறு இடமே இல்லை என்றால், திட்டுக்கும் ஷெட்டுக்கும் நடுவே ஓர் அடி அகலம், ஓர் அடி ஆழத்தில் வடிகால் எடுத்து, 50 அடிக்கு ஓர் அடி இறங்குகிற மாதிரி பக்கவாட்டில் கொண்டுபோய் விடுங்கள். பின்சுவரைச் சுற்றி ஓர் ஆள் நடந்து போய் இலைச் சருகை அள்ள இடம் இருக்க வேண்டும். சருகு அடைத்த வடிகால் வடிகாலே இல்லை, அது குட்டை.

2. கதவு கிழக்குப் பார்த்துத்தான் இருக்கணுமா?

ஊரைப் பொறுத்தது. கூடலூர், பந்தலூர், வால்பாறை, மேல்பவானி பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று சாரலை மேற்கிலிருந்து அறையும். அங்கே கிழக்கு அல்லது வடகிழக்குப் பார்த்த கதவு சரி. குன்னூரிலும் கோத்தகிரியிலும் பெரிய மழை அக்டோபர், நவம்பரில் எதிர்ப்பக்கமிருந்து வரும். கூடலூர்க்காரர் சொன்னதைக் கேட்டு கோத்தகிரியில் கிழக்குக் கதவு வைத்தால் ஐப்பசி முழுக்கக் கதவடியில் தண்ணீர்தான். கொடைக்கானலில் இரண்டு மழையும் உண்டு. அங்கே கதவுக்கு மேல் 2 அடி நீட்டம் தனியாகப் போட்டுவிடுங்கள். வாஸ்து பார்ப்பவர்கள் பார்க்கட்டும், காற்றையும் ஒரு தடவை பார்த்துவிட்டு.

3. எவ்வளவு பெரிசு போடணும்?

தள்ளுவண்டியும் பிரஷ் கட்டரும் இருந்தால் 8க்கு 10. கதவு 3 அடிக்குக் குறையக் கூடாது. உரத்தையும் கருவியையும் தனித்தனியாக வைக்க இடம் வேண்டும் (ஏன் என்று 13இல் இருக்கிறது), பொருள் எதுவும் சுவரை ஒட்டக் கூடாது. இதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் 6க்கு 6 ஷெட் வாங்கியவர்கள் ஏன் அடுத்த வருஷமே நொந்துகொள்கிறார்கள் என்பது புரியும்.

4. தகரமா, மரமா, ஹாலோ பிளாக்கா, ரெடிமேட் பிளாஸ்டிக்கா? எதுதான் நல்லது?

பெரும்பாலானவர்களுக்கு நாங்கள் சொல்வது: இரண்டடி உயரம் வரை கல் அல்லது பிளாக் கட்டு, அதற்குமேல் இரும்புச் சட்டத்தில் கலர் சீட். சாரல் தெறிக்கும் கீழ்ப்பகுதியைக் கட்டு தாங்கும், மேல்பகுதி சீக்கிரம் காயும். சீட் 0.5 மி.மீ. கனம் கேளுங்கள். 0.35இல் விலை குறைத்துத் தருவார்கள். ஏணி சாய்த்தாலே நெளியும்.

முழுக்க ஹாலோ பிளாக் என்றால் திருட்டுக்குப் பயமில்லை. ஆனால் பூசாத பிளாக் மழையை உறிஞ்சி உள்ளே தள்ளும். வெளிப்பக்கம் கட்டாயம் பூச வேண்டும். உள்ளே சுண்ணாம்பு மட்டும் அடித்தால் போதும், சுவர் உள்பக்கமாகக் காய வழி இருக்கும். பலர் காசு மிச்சம் என்று உள்ளே மட்டும் பூசி எனாமல் அடிக்கிறார்கள். தண்ணீர் பிளாக்குக்குள் மாட்டிக்கொண்டு பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பும்.

மரம் அழகு, ஆனால் வருஷா வருஷம் வேலை வாங்கும் (16ஐப் பாருங்கள்). பிளாஸ்டிக் ஷெட் துருப்பிடிக்காது, மக்காது; ஓர் அலமாரி அளவுக்குப் பத்துக் கருவி வைக்க அது போதும். அதற்கு இரண்டு குறை: எடை இல்லாததால் நாலு மூலையிலும் போல்ட் போடாவிட்டால் ஆடிக் காற்றில் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விடும், தரை மட்டம் கொஞ்சம் பிசகினாலும் கதவு பூட்டாது.

5. தரைக்கு என்ன பண்ணணும்? மண்ணை நல்லா திம்ஸ் அடிச்சு கெட்டி பண்ணினா போதாதா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். மலை மண் மழை நின்ற பிறகும் வாரக்கணக்கில் ஈரத்தை மேலே விட்டுக்கொண்டே இருக்கும். எவ்வளவு கெட்டிப்படுத்தினாலும் அது நிற்காது. சாதாரண கான்கிரீட்டும் அதைத் தடுக்காது. கான்கிரீட் பஞ்சு மாதிரி, மெதுவாக உறிஞ்சி மெதுவாக விடும்.

வரிசை இப்படி: மேல்மண்ணை வேரோடு அள்ளி எறியுங்கள். 6 அங்குலத்துக்குக் கல்லும் பெரிய ஜல்லியும் போட்டுத் திம்ஸ் அடியுங்கள். கூர்முனை தெரியாதபடி அதன்மேல் ஓர் அங்குலம் எம்-சாண்ட். அதன்மேல் 250 மைக்ரான் பிளாஸ்டிக் விரிப்பு. கடையில் 1000 கேஜ் என்று கேட்டால் தருவார்கள். இணைப்பில் ஓர் அடி ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும், ஓரம் சுவர்ப்பக்கமாக 4 அங்குலம் மேலே மடங்கி நிற்க வேண்டும். அதற்குமேல் 4 அங்குலக் கான்கிரீட், கதவை நோக்கி லேசாகச் சரிந்து. முடிந்த தரை வெளி மண்ணைவிட 6 முதல் 9 அங்குலம் உயரம்.

விரிப்பு போட்ட பிறகு கான்கிரீட் கொட்டும் அரைமணி நேரம் பக்கத்திலேயே நில்லுங்கள். மண்வெட்டி நுனியாலும் பூட்ஸ் காலாலும் விரிப்பு கிழிவது அப்போதுதான். கிழிந்த இடத்துக்கு மேல் பின்னால் வட்டமாக ஒரு கருப்பு ஈரம் தெரியும். அதை எந்தப் பெயிண்டாலும் மறைக்க முடியாது.

6. ஆஸ்பெஸ்டாஸ் சீட் சொட்டாதுன்னு சொல்றாங்களே?

உண்மைதான், கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால் தகரத்தைவிடக் குறைவாகச் சொட்டும். ஆனால் அறுக்கும்போதும் துளை போடும்போதும் பறக்கிற தூசு நுரையீரலில் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. பாசி பிடிக்கும், அதைச் சுரண்டினால் மறுபடி தூசு. புதிதாகப் போடாதீர்கள். ஏற்கெனவே இருந்தால் சுரண்டாமல், உடைக்காமல் விட்டுவையுங்கள். கழற்றியே ஆக வேண்டும் என்றால் நன்றாக நனைத்து, முகமூடி போட்டு, முழு சீட்டாக இறக்குங்கள்.

7. கூரைக்கு எவ்வளவு சரிவு? ஸ்க்ரூ எங்கே அடிக்கணும், பள்ளத்துலயா மேட்டுலயா?

ஓர் அடிக்கு 3 அங்குலம். 8 அடி அகலத்துக்கு முன்சுவருக்கும் பின்சுவருக்கும் 2 அடி உயர வித்தியாசம் வரும். கூரை நீட்டம் கீழ்ப்பக்கமும் மேல்பக்கமும் ஒன்றரை அடி, பக்கவாட்டில் ஓர் அடி. ஆறு அங்குல நீட்டம் வைத்து மிச்சப்படுத்திய சீட் காசு சுவர் பெயிண்டிலேயே போய்விடும்.

ஸ்க்ரூ மேட்டில் அடியுங்கள். பள்ளம் தண்ணீர் ஓடும் வழி. அங்கே போட்ட துளை என்றைக்காவது கசிந்தே தீரும். வாஷர் கருப்பு ரப்பரோடு வரும். அது லேசாகப் பிதுங்கும் வரைதான் முறுக்க வேண்டும். மெஷின் வைத்து விர்ரென்று முறுக்கினால் ரப்பர் வெடிப்பு விடும், சீட் மேடு அமுங்கிக் கிண்ணமாகும், அந்தக் கிண்ணத்தில் தண்ணீர் நிற்கும். வேலை முடிந்ததும் ஏணியில் ஏறி பத்து ஸ்க்ரூவைப் பாருங்கள். நாலு கிண்ணம் தெரிந்தால் மீதி எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

8. கூரைத் தண்ணி அப்படியே கீழே விழட்டுமே, தோட்டம்தானே?

நீட்டத்தையும் சேர்த்தால் கூரை சுமார் 12க்கு 11 அடி, அதாவது 12 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல். 10 செ.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 1,200 லிட்டர். ஆறு பெரிய டிரம். அவ்வளவும் ஒரே கோட்டில் விழுந்தால் அஸ்திவாரத்து ஓரம் பள்ளமாகும், சேறு இரண்டடி வரை சுவரில் தெறிக்கும். 6 அங்குல பிவிசி பைப்பை நெடுக்காகப் பாதியாக அறுத்து, 2 அடிக்கு ஒரு கிளாம்ப் போட்டு மாட்டுங்கள். டிரம்மில் பிடித்தால் மூடி போட்டு, நிரம்பி வழிவதற்கு ஒரு பைப் 1இல் சொன்ன வடிகாலுக்குப் போகட்டும்.

9. கூரையில ஓட்டையே இல்லை, வெல்டர் ரெண்டு தடவை வந்து பார்த்துட்டார். ஆனா காலையில உள்ளே சொட்டுது!

தகரம் வியர்க்கிறது. இரவில் வானம் தெளிந்திருந்தால் சீட் சுற்றியிருக்கும் காற்றைவிடச் சீக்கிரம் குளிர்ந்துவிடும். 15 டிகிரிக் காற்றில் 90 சதவீத ஈரப்பதம் இருந்தால், சீட் இரண்டு டிகிரி கூடுதலாகக் குளிர்ந்தாலே அதன் அடியில் நீர் கோக்கத் தொடங்கும். மழை இல்லாத மார்கழி, தை மாதக் காலையில்தான் இது அதிகம். மழை இல்லாத நாளில் சொட்டினால், அதுவும் ஒரே இடத்தில் இல்லாமல் பர்லின் (சீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) நெடுக வரிசையாகச் சொட்டினால், அது ஓட்டை அல்ல. ஸ்க்ரூவுக்கு ஸ்க்ரூ சிலிக்கான் பூசிப் பயனில்லை.

மூன்று வேலை செய்யலாம், இதே வரிசையில். முதலில் தரை ஈரத்தை நிறுத்துங்கள் (5). அடுத்து, காற்று போகவர வழி. தரைப்பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறப்பு இருந்தால் நல்லது. 80 சதுர அடிக்கு அது 115 சதுர அங்குலம்; 6க்கு 10 அங்குலத்தில் இரண்டு திறப்பு போதும், ஒன்று தாழ்ந்த பக்கச் சுவரில் கீழே, மற்றொன்று எதிர்ப்பக்கம் கூரைக்கு ஒட்டி. மூன்றாவது, சீட்டுக்கு அடியில் அலுமினியத் தாள் ஒட்டிய 8 அல்லது 10 மி.மீ. ஃபோம். கூரை போடும்போதே பர்லின் மேல் விரித்துவிட்டால் சுலபம். பிறகு ஒட்டுவதானால் இணைப்பு ஒவ்வொன்றிலும் டேப் ஒட்ட வேண்டும். இடைவெளி விட்டால் ஈரக்காற்று மேலே போய் ஃபோமுக்கும் சீட்டுக்கும் நடுவே கோத்துக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாமல் துருவேறும்.

10. ஈரம் தரையிலிருந்து வருதா காத்துல வருதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

ஒன்றரை அடிச் சதுரத்தில் பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து நாலு ஓரமும் டேப்பால் முழுக்க ஒட்டுங்கள். ஒரு நாள் கழித்துப் பாருங்கள். தாளுக்கு அடியில் முத்து முத்தாக நீர் என்றால் தரை. தாளின் மேல்பக்கம் என்றால் காற்று. இரண்டு பக்கமும் இருந்தால் இரண்டும்தான், முதலில் தரையைக் கவனியுங்கள்.

பழைய தரையை உடைக்க வேண்டியதில்லை. அதன்மேலேயே விரிப்பு போட்டு, ஓரத்தை மடக்கி, 2 அங்குலம் கான்கிரீட் ஊற்றலாம். கதவு அடியை அந்த அளவுக்கு அறுக்க வேண்டியிருக்கும். அதை மறந்துவிட்டு ஊற்றியவர்கள் கதவைத் திறக்கப் பட்ட பாடு தனி.

11. ஜன்னல் எல்லாம் நாள் முழுக்கத் திறந்து வெச்சேன். இன்னும் மோசமாத்தான் ஆச்சு. ஏன்?

வெளியே மஞ்சு மூடியிருக்கும்போது திறந்தால் உள்ளே வருவதும் மஞ்சுதான். 9இல் சொன்ன சின்னத் திறப்புகள் எப்போதும் திறந்திருக்கட்டும். கதவையும் ஜன்னலையும் வெயில் அடிக்கும் நேரத்தில், பதினொன்றிலிருந்து மூன்று மணிக்குள், திறந்துவிட்டு மூடுங்கள். தென்மேற்கு மழையில் வாரக்கணக்கில் வெயிலே வராத ஊர்களில் காற்றோட்டம் மட்டும் காயவைக்காது. அங்கே அடுத்த பதில்தான்.

12. உள்ளே ஒரு பல்பு போட்டு வெச்சா காயுமா?

ஷெட் முழுக்கக் காயாது. ஒரு மூடிய அலமாரி காயும். காற்றை 15 டிகிரியிலிருந்து 18க்கு ஏற்றினால் 90 சதவீத ஈரப்பதம் சுமார் 74 ஆகிறது, 20க்கு ஏற்றினால் 65. துரு வேகம் பிடிப்பது 80க்கு மேல் என்பதால் அந்த மூன்று டிகிரியே பெரிய வித்தியாசம். பழைய இரும்பு பீரோவின் அடித்தட்டில் 40 வாட் குண்டு பல்பு, அதைச் சுற்றிக் கம்பிக் கூண்டு, மேல்தட்டுகளில் கத்தரிக்கோல், கவாத்துக் கத்தி, டிரில் மெஷின். எல்.இ.டி. பல்பு போட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்று கேட்கிறார்கள், அது சூடாகாது. துணி, காகிதம், பெட்ரோல், பூச்சிமருந்து அந்த அலமாரியில் கூடாது. லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம்.

உப்பு, கரித்துண்டு வைத்தெல்லாம் ஷெட்டைக் காயவைக்க முடியாது. சுட்ட சுண்ணாம்புக் கல் ஈரம் இழுக்கும், கூடவே கொதித்துச் சூடாகும். மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தால் ஆபத்து.

13. எண்ணெய் தடவித்தான் வைக்கிறேன், ஆனாலும் கருவியெல்லாம் ஒரு மாசத்துல துரு. என்ன தப்பு?

அலமாரியில் பிளீச்சிங் பவுடர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கட்டி வைத்த பையிலிருந்தும் குளோரின் கசியும், அந்த அறையில் உள்ள இரும்பையெல்லாம் தின்னும். அடுத்தது உரம். பொட்டாஷ் தூசும் அம்மோனியம் சல்பேட் தூசும் கத்தியில் படிந்தால் காற்றின் ஈரத்தை இழுத்து உப்புத் தண்ணீராக உட்கார்ந்துகொள்ளும். மயில்துத்தமும் தேயிலைக் கொப்புள நோய்க்கு அடிக்கும் தாமிர மருந்தும் இரும்பில், ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) சீட்டில் சிந்தினால் அந்த இடம் அரிக்கும். கரைப்பதற்கும் பிளாஸ்டிக் வாளிதான். உரம், மருந்து ஒரு பக்கம், கருவி எதிர்ப்பக்கம், நடுவே முடிந்தால் ஒரு தடுப்பு. பிளீச்சிங் பவுடர் ஷெட்டிலேயே வேண்டாம்.

வேலை முடிந்ததும் மண்ணைக் கழுவி, துணியால் துடைத்து, காய்ந்த பிறகு எண்ணெய். ஈரத்தின் மேல் தடவிய எண்ணெய் ஈரத்தைப் பூட்டி வைக்கும். கருவிகளைத் தரையில் சாய்க்காமல் ஆணியில் தொங்கவிடுங்கள். பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் தேய்க்கிறீர்களானால் அந்தத் துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்டு எறியுங்கள்.

14. யூரியா மூட்டை கல்லாப் போச்சு. சக்தி போயிடுச்சா?

சக்தி போகவில்லை, தட்டி உடைத்துப் போடலாம். சீராகத் தூவ வராது, அவ்வளவுதான். ஈரப்பதம் ஏறக்குறைய 75, 80 சதவீதத்தைத் தாண்டினால் யூரியா காற்றிலிருந்து தண்ணீர் இழுக்கும். மலைக் காற்று மழைக்காலத்தில் அதற்குக் கீழே வருவதே அபூர்வம். பிரித்த மூட்டையை மூடி இறுகும் பிளாஸ்டிக் டிரம்மில் கொட்டிவிடுங்கள். பிரிக்காத மூட்டை மரப்பலகை மேல், தரையிலிருந்து 6 அங்குலம், சுவரிலிருந்து ஓர் அடி. சிமெண்ட் மூட்டைக்கும் இதே வைப்பு, ஆனால் அது கட்டியானால் எறிய வேண்டியதுதான்.

எல்லாவற்றையும் சேர்த்துத் தார்ப்பாயால் போர்த்தி வைப்பது நல்லதுபோலத் தெரியும். தரை ஈரமாக இருந்தால் அது கூடாரத்துக்குள் ஆவி பிடிப்பது.

15. விதையை ஷெட்ல வைக்கலாமா?

வேண்டாம். பாரன்ஹீட்டில் வெப்பத்தையும் ஈரப்பதச் சதவீதத்தையும் கூட்டினால் 100க்குள் இருக்க வேண்டும் என்பது விதைக்காரர்களின் பழைய கணக்கு. ஊட்டியில் 60ம் 90ம் சேர்ந்தால் 150. நன்றாகக் காயவைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான டப்பாவில், வீட்டுக்குள்.

16. மரத்தூண் மண்ணுல புதைக்கிற இடத்துல தார் பூசினா மக்காதுதானே?

மக்கும். பெரும்பாலும் மண் மட்டத்துக்குச் சற்று மேலும் கீழுமாக, காற்றும் ஈரமும் சேரும் அந்த நாலு விரல்கடையில்தான் மக்கும். தார் வெளி ஈரத்தைக் கொஞ்ச நாள் தடுக்கும். மேலிருந்து மரத்துக்குள் இறங்கிய தண்ணீரை வெளியே விடாமலும் தடுக்கும். தூணை மண்ணில் நடாதீர்கள். 6 அங்குலம் எழும்பிய கான்கிரீட் கட்டையில் இரும்பு ஷூ வைத்து, அதில் போல்ட் போட்டு நிறுத்துங்கள். தூணின் அடிமுகத்துக்கும் இரும்புக்கும் நடுவே அரை அங்குலம் இடைவெளி.

தோட்டத்தில் கிடைக்கிறதே என்று சில்வர் ஓக் போடுபவர்கள் வண்டுக்கும் தயாராக இருக்க வேண்டும். வீட்டிலேயே செய்யக்கூடிய மருந்து: 600 கிராம் வெங்காரம் (போராக்ஸ்), 400 கிராம் போரிக் அமிலம், 9 லிட்டர் வெந்நீர். கரைத்து, உலர்ந்த மரத்தில் இரண்டு மூன்று தடவை பூசுங்கள். அறுத்த முனைகளில் ஊற ஊறப் பூச வேண்டும். மழை பட்டால் கரைந்து போய்விடும் என்பதால் காய்ந்ததும் மேலே பெயிண்டோ மர எண்ணெயோ கட்டாயம். மீதியைச் செடிப்பக்கம் கொட்டாதீர்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

17. ஜி.ஐ. பைப்புக்கு ரெட் ஆக்ஸைடு அடிச்சு எனாமல் அடிச்சேன். தோல் மாதிரி உரியுது.

ரெட் ஆக்ஸைடு வெறும் இரும்புக்கு. துத்தநாகப் பூச்சின் மேல் அது பிடிக்காது. உரிவதைச் சுரண்டி, சோப்புத் தண்ணீரில் கழுவி, ஜி.ஐ.க்கென்றே விற்கும் பிரைமர் அடித்துப் பிறகு எனாமல். வெல்டிங் செய்த இடங்களில் பூச்சு எரிந்துபோயிருக்கும், அங்கே மட்டும் ஜிங்க் ரிச் பெயிண்ட் முதலில். சதுரப் பைப்பின் திறந்த வாயை மூடுங்கள். வெளியே பளபளவென்று இருந்து உள்ளிருந்து அரிக்கும் தூண்கள் எல்லாம் வாய் திறந்தவை.

18. புது கலர் சீட், ஆறு மாசத்துல ஓரமெல்லாம் துரு, நடுவுலயும் புள்ளி புள்ளியா இருக்கு. சீட் போலியா?

சீட்டைக் கிரைண்டரில் அறுத்திருப்பார்கள். வட்டு பறக்கவிடும் தீப்பொறி, வெட்டிய ஓரத்துப் பூச்சை எரிக்கும். சூடான இரும்புத்தூள் சீட் முழுக்க விழுந்து ஒட்டி, முதல் மழையில் துருப்புள்ளியாகும். தகரக் கத்தரியில் வெட்டச் சொல்லுங்கள். துளை போட்ட பிறகு அன்றே சீட்டைத் துடைப்பத்தால் பெருக்கிவிட வேண்டும்.

கீழ் ஓரம் மட்டும் அரித்திருந்தால் வேறு காரணம். சீட்டின் அடியைச் சிமெண்டில் புதைத்துப் பூசியிருக்கிறார்களா பாருங்கள். அலுமினியம் கலந்த பூச்சுக்கு ஈரச் சிமெண்டின் காரம் ஆகாது. சீட் கட்டுக்கு வெளிப்பக்கமாக 2 அங்குலம் தொங்கி, சிமெண்டைத் தொடாமல் முடிய வேண்டும். மழை இடுக்கில் நுழையாது, காற்று நுழையும்.

19. பிரஷ் கட்டர் மழைக்காலம் முடிஞ்சு எடுத்தா ஸ்டார்ட்டே ஆகலை.

இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது காற்றின் ஈரத்தை இழுத்து, அளவு மீறியதும் தண்ணீரோடு பிரிந்து அடியில் தங்கும். அடியில் தங்கியதைத்தான் கார்புரேட்டர் முதலில் குடிக்கும். ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதானால் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும் வரை ஓட்டிவிட்டு வையுங்கள். கலவை தேவைக்கு மட்டும்: மெஷின் புத்தகம் 50க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி ஆயில். கலந்ததை அடுத்த சீசனுக்கு வைக்காதீர்கள்.

20. கரடி, யானை, எலி எதுக்கு என்ன செய்யலாம்?

பூட்டு கரடிக்கும் யானைக்கும் ஒரு பொருட்டல்ல, வாசனைதான் விஷயம். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் கரடி எண்ணெய்க்கும் தின்பண்டத்துக்கும் கதவை உடைக்கும். கூடலூர், வால்பாறையில் யானை அரிசிக்கும் உப்புக்கும் சுவரையே தள்ளும். சமையல் எண்ணெய், அரிசி, உப்பு, வெல்லம், மாட்டுத் தீவனம், பழுத்த பலா எதுவும் ஷெட்டில் வேண்டாம். கத்திக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவதையும் விட்டு மெஷின் ஆயிலுக்கு மாறுங்கள்.

எலிக்கு: கால் அங்குலத்துக்கு மேல் எந்த இடைவெளியும் கூடாது. 9இல் சொன்ன திறப்புகளுக்குக் கால் அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ். கொசுவலை ஒரே இரவில் கடிபடும். எலி இல்லாத ஷெட்டுக்குப் பாம்பு வருவதும் குறைவு.

21. சின்ன ஷெட்தானே, இதுக்கும் அனுமதி வேணுமா?

அஸ்திவாரம் போட்டுக் கட்டும் எதற்கும் முதலில் ஊராட்சியிலோ பேரூராட்சி, நகராட்சியிலோ கேட்டுவிடுங்கள். நீலகிரியில் கட்டட விதிகள் சமவெளியைவிடக் கடுமை. இடத்துக்காகவோ பலகைக்காகவோ மரம் வெட்டுவதும் தனி விஷயம். 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் பட்டா நிலத்து மரத்துக்கும் பொருந்தும். அனுமதி வாங்காமல் கோடாலி எடுக்காதீர்கள்.

22. வருஷத்துல எப்போ என்ன பராமரிப்பு?

மே மாதம்: வடிகாலிலும் 8இல் சொன்ன பாதிப் பைப்பிலும் சருகு அள்ளுவது, ஸ்க்ரூ பார்ப்பது, மரத்துக்குப் பூச்சு. செப்டம்பர் கடைசியில் வெயில் எட்டிப் பார்க்கும் நாட்களில் எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் காயவைத்து, பூஞ்சணம் பிடித்த பலகையைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, காய்ந்த பிறகு உள்ளே. தை மாதம் 9இல் சொன்ன வியர்வை இருக்கிறதா என்று ஒரு காலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள். கூரைப் பாசிக்கு மெத்தென்ற பிரஷும் சோப்பும். கம்பி பிரஷும் பிளீச்சிங்கும் பூச்சைத் தின்றுவிடும். பூட்டுக்கு மேல் பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டி ஒரு மூடி தொங்கவிட்டால் சாவித்துளையில் மழை இறங்காது.

23. பழைய ஷெட் ஒண்ணு இடத்தோட வந்தது. சரி பண்ணலாமா, பிரிச்சுப் போட்டுடலாமா?

ஒரு ஸ்க்ரூ டிரைவரும் சின்னச் சுத்தியலும் எடுத்துப் போங்கள். மரத்தூண் அடியில் டிரைவரை அழுத்துங்கள். அரை அங்குலம் இறங்கினால் அந்தத் தூண் மாற்ற வேண்டும். ஒன்றிரண்டு என்றால் முட்டுக் கொடுத்து அடிப்பகுதியை மட்டும் அறுத்து 16இல் சொன்ன கட்டையில் நிறுத்தலாம். இரும்புத் தூணைத் தரையிலிருந்து ஓரடி உயரம் வரை தட்டிக்கொண்டே போங்கள். டங் என்ற சத்தம் டொக் என்று மாறும் இடத்தில் உள்ளே தகடு போய்விட்டது.

கூரையில் ஸ்க்ரூவைச் சுற்றி மட்டும் துரு என்றால் பழையதைக் கழற்றி ஓரளவு தடிமனான ஸ்க்ரூவும் புது வாஷரும் போட்டால் இன்னும் சில காலம் ஓடும். சீட்டுக்கு அடியிலிருந்து பார்த்தால் வானம் ஊசிமுனை ஊசிமுனையாகத் தெரிகிறதா? சீட் மாற்றுங்கள், சட்டம் இருக்கட்டும். தரை மண்ணாக இருந்து, தூணும் பாதிக்கு மேல் போயிருந்தால் பிரித்துவிடுங்கள். போல்டையும் நல்ல சீட்டையும் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு 5இலிருந்து ஆரம்பியுங்கள்.